உபதேசியார் செடி

எங்க ஊரு உபதேசியார் இன்னாசிக்குப் பேச்சு நின்னுபோயி, அதுக்குப் பதிலா வாயிலருந்து விதை விழ ஆரம்பிச்சது ஒரு ஆனி மாசத்துல, பாளையங்கோட்டையிலருந்து தட்டான்குளத்துக்கு வார மத்தியான பஸ்ஸுல. மொத விதை விழுந்தது சன்னலோரம் இருந்த அவரு பொண்டாட்டி விண்ணரசி மடியில. அவ பாவம், மனுசனுக்குப் பல்லுதான் விழுந்துட்டுன்னு நினைச்சு, "வாயத் தொறங்க பாப்போம்"னு தாடையப் பிடிச்சுப் பாத்திருக்கா. பல்லெல்லாம் பல்லாத்தான் இருந்திருக்கு. மடியில கெடந்தது கறுப்பா, குன்னிமுத்து தண்டி, ஒரு பக்கம் நகத்தால கீறுன வெள்ளக் கோடு. அந்நேரம் கண்டக்டர் வந்து எங்க போகணும்னு கேக்க, இவரு வாயத் தொறந்து "தட்டான்குளம் ரெண்டு"ன்னு சொல்லப்போக, கண்டக்டர் உள்ளங்கையில டொப்புன்னு இன்னொரு விதை விழுந்திருக்கு. "சில்லறை இல்லைன்னா சொல்ல வேண்டியதுதான சார், புளியங்கொட்டையத் துப்புவானேன்"னு அவன் ஏசிட்டுப் போயிட்டான்.

நான் மாவு மில்லு உலகம்மா. மேக்க அம்மன் கோயில் தெரு, கிழக்க சர்ச்சுத் தெரு, நடுவுல என் மில்லு. ரெண்டு தெரு அரிசியும் என் மிசின்லதான் மாவாகணும், ரெண்டு தெருச் சேதியும் என் வாசல்லதான் உக்காந்து எந்திரிக்கணும். எனக்குக் கோவம் பொசுக்குனு வரும். நடுவுல "அது எப்பிடி மைனி, மனுசன் வாயில விதை"ன்னு யாராவது கேட்டா எந்திரிச்சுப் போயிருவேன். எப்பிடின்னு எங்களுக்குத் தெரியாது, நாங்க கேக்கவுமில்ல. விழுந்துச்சு, பொறுக்குனோம், அவ்வளவுதான்.

உபதேசியார் சோலி தெரியாதவங்களுக்காகச் சொல்லுதேன். சாமியார் ஞாயித்துக்கிழமை வந்து பூசை வச்சுட்டு அடுத்த ஊருக்குப் போயிருவாரு. மத்த நாளெல்லாம் செபம் சொல்லுறது, பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்துறது, கல்யாண ஓலை வாசிக்கிறது, சாவு வீட்டுல முன்ன நின்னு பெட்டியக் கல்லறைவரைக்கும் கொண்டு சேக்கிறது, எல்லாம் உபதேசியார் பாடு. பேச்சுதான் அவரு பொழப்பு. இன்னாசிக்கு நல்ல வெங்கலக் குரலு, அவரு செபம் சொன்னா எங்க தெருவுல மாவு வாங்க வந்தவளுகூட அசையாம நிப்பா. சின்னப் பையனா குருமடத்துல சேந்து சாமியாருக்குப் படிச்சாரு, பட்டம் வாங்குறதுக்கு முன்னாலயே திரும்பி வந்துட்டாரு, ஏன்னு யாரும் கேக்கல. சேரன்மாதேவிப் பக்கத்துல விண்ணரசியக் கட்டுனாரு. பத்து வருசத்துக்கு மேல ஆச்சு, பிள்ளை இல்ல. ஊரு அவளுக்கு ஒரு பேரு வச்சிருந்துச்சு, எல்லா ஊரும் வைக்கிற பேருதான், அத என் வாயால சொல்ல மாட்டேன்.

அந்தப் பத்து வருசமும் ஊசி போட்டது அவளுக்கு, மருந்து குடுத்தது அவளுக்கு, வேளாங்கண்ணிக்கு முட்டங்கால் போட்டு நடந்தது அவ. கடைசியா ஒரு லேடி டாக்டர்தான், "உங்க வீட்டுக்காரரையும் ஒருதடவ பாத்துருவோமே"ன்னு சொல்லி ஒரு லேபுக்கு அனுப்பியிருக்கு. அங்க நடந்தத நான் இப்ப சொல்லுதேன், ஆனா எனக்கே ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும். அப்ப அவ யார்ட்டயும் மூச்சு விடல, இத ஞாபகம் வச்சுக்கோங்க.

லேபுல ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவக் குடுத்திருக்காவ. டப்பா மேல ஒட்டியிருந்த வார்த்தையப் படிச்சதும் உபதேசியார் கடகடன்னு சிரிச்சிருக்காரு. "விண்ணு, இந்த வார்த்தை எனக்குப் பழைய பழக்கம்லா"ன்னு. செமன். குருமடத்துல மீசை முளைக்காத வயசுல லத்தீன் சாமியார் கரும்பலகையில எழுதிப்போட்ட வார்த்தையாம். அந்தக் காலத்து ரோமாபுரிக்காரன் வயல்ல போடுற விதைக்கும் அதே பேருதான் வச்சானாம், ஆம்பளை உடம்புல இருக்கதுக்கும் அதே பேருதானாம், ஒரு வம்சத்தோட வேருக்கும் ஒரு காரியத்தோட ஆரம்பத்துக்கும் அதேதானாம். விதைக்கிறதுங்கிற சொல்லுலருந்து பெறந்த சொல்லு அது, அதனால குலுக்கையில அடைச்சு வச்சிருக்கவரைக்கும் அது வெறும் தானியம், மண்ணுல போட்டாத்தான் அந்தப் பேரு அதுக்குச் செல்லும்னு லத்தீன் சாமியார் சொல்லுவாராம். செமினாரின்னு குருமடத்தச் சொல்லுதோமே, அதுவும் அந்த வித்துலருந்து வந்ததுதானாம், நாத்தாங்கால்னு அர்த்தமாம். "எல்லாவனையும் பிடுங்கி ஊரூரா நட்டாவ, என்னைய மட்டும் வரப்புல போட்டுட்டாவ"ன்னு சொல்லி மறுபடியும் சிரிச்சிருக்காரு. அவரு சிரிச்சுச் சத்தம் கேட்டது அதுதான் கடைசி.

கொஞ்ச நேரங்கழிச்சு லேபுக்காரப் பொண்ணு வந்து, குரலத் தணிச்சு, "ஒண்ணுகூட இல்லைங்க சார்"னு சொல்லியிருக்கு. ரெண்டு பேரும் கேட்டாவ. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசாம வெயில்ல நடந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாவ. பஸ்ஸு ஆத்துப்பாலம் தாண்டினதும் அவரு அவ பக்கம் திரும்பி, உதட்ட அசைச்சு, நீளமா என்னத்தையோ சொல்லியிருக்காரு, ஒரே மூச்சுல. சத்தம் வரல. விதைதான் வந்துச்சு. அத அவ முந்தானையில முடிஞ்சுக்கிட்டா.

ஊருக்கு வந்த பொறவு என்னாச்சுன்னா, ஒண்ணும் ஆகல. முதல் ரெண்டு நாளு எல்லாரும் எட்டிப்பாத்தாவ, மூணாம் நாளு சர்ச்சுத் தெரு மிக்கேல் செத்துப்போனாரு, செபம் சொல்ல உபதேசியார்தான் போகணும், போனாரு. பெட்டிக்கு முன்னால நின்னு வாயத் தொறந்து மூடினாரு, ஒரு செபத்துக்கு ஒரு விதையா முத்தத்துல உருண்டுச்சு, ஆளுக கால்ல மிதிபட்டு மண்ணுக்குள்ள போச்சு. மிக்கேல் பொண்டாட்டி சலேத்தம்மா அழுதுகிட்டே, "எம் புருசனுக்கு ஒரு செபங்கூடக் கேக்காமப் போச்சே"ன்னா. பொறவு ஒரு சின்ன மழை பெஞ்சுச்சு. முத்தத்துல வரிசையா செடி வந்துச்சு, நீலம் பாஞ்ச இலை, முட்டளவு உசரம், அவரைப் பிஞ்சுபோல காய். ஒரு நாளு நல்ல உச்சி வெயில்ல ஒரு காய் பட்டுன்னு வெடிச்சுச்சு. வெடிச்ச வாயிலருந்து உபதேசியாரோட வெங்கலக் குரலு வந்துச்சு, செத்தவங்களுக்குச் சொல்லுற இளைப்பாற்றிச் செபம், மொத வரியிலருந்து. அடுத்த காயில அடுத்த வரி. சலேத்தம்மா அடுப்பப் போட்டது போட்டபடி ஓடிவந்து முத்தத்துல முட்டங்கால் போட்டுட்டா. "கொஞ்சம் பிந்தி வந்தா என்ன, வந்துட்டுலா"ன்னு சொல்லி மூக்கச் சிந்துனா.

அப்பிடித்தான் எங்களுக்கு வெவரம் புரிஞ்சுச்சு. ஒரு மூச்சுல சொன்னது ஒரு விதை. நட்டா முளைக்கும், கீழ்க்காய் முதல்ல வெடிக்கும், மேல போகப் போகப் பேச்சும் போகும். ஒருதடவதான் சொல்லும். சொன்ன பொறவு உரிச்சுப் பாத்தா உள்ள பருப்பு கெடையாது, தோலும் காத்துந்தான். அந்தச் செடியிலருந்து அடுத்த செடி கெடையாது.

புரிஞ்ச பொறவு ஊரு அதுக்குத் தக்கன வளைஞ்சுகிட்டு. கல்யாண ஓலை வாசிக்கணும்னா மூணு மாசத்துக்கு முன்னாலயே உபதேசியார்ட்டச் சொல்லி விதை வாங்கி சர்ச்சு வாசல்ல நட்டாவ. ஒரு கல்யாணத்துக்கு மழை பிந்திப்போயி, "இந்தக் கல்யாணத்துக்குத் தடை இருந்தாச் சொல்லுங்க"ன்னு காய் கேக்கும்போது அந்தப் பிள்ளைக்கு மசக்கையே வந்துட்டு, சர்ச்சே சிரிச்சுச்சு. சாமியார் மேலிடத்துக்கு எழுதிப் போட்டாரு, செடி சொல்லுற செபம் செல்லுமான்னு. விசாரிச்சுச் சொல்லுதோம்னு பதில் வந்துச்சு, அதுக்குப் பொறவு பதிலே வரல. விவசாய ஆபீசர் ஒருத்தர் ஜீப்புல வந்து இலையக் கிள்ளி மோந்து பாத்து, "ஏதோ பயறு வகை"ன்னு சொல்லிட்டு எங்க வீட்டுல மோரு குடிச்சுட்டுப் போனாரு. ஆடு தின்னா ஆடு செபம் சொல்லும்னு எதிர்பாத்தோம், அது சவம் புழுக்கதான் போட்டுச்சு. ஒருத்தி ஒரு படி விதையக் கொண்டாந்து என் மில்லுல மாவாக்கித் தாங்கன்னா. "அடி போடி, பேச்சையெல்லாம் அரைக்க மாட்டேன், மிசின் வீணாப்போயிரும்"னு வெரட்டிவிட்டேன்.

வீட்டுக்குள்ள விண்ணரசி ஒரு சிலேட்டு வாங்கி வச்சிருந்தா. குழம்புல உப்பு கூடுதல், நாளைக்கு வேட்டி வேணும், இதெல்லாம் அவரு எழுதிருவாரு. ஒரு நாளு அவ அந்த பஸ்ஸு விதைய உள்ளங்கையில வச்சு நீட்டி, "இதுல என்ன சொன்னிய? எழுதிக் காட்டுங்க"ன்னு கேட்டிருக்கா. அவரு பலப்பத்த எடுத்து, ரொம்ப நேரம் சும்மா பிடிச்சிருந்துட்டு, "முளைச்சாக் கேட்டுக்கோ"ன்னு எழுதிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

அவ நடல. செபமாலை டப்பாவுல பஞ்சுக்குள்ள வச்சிருந்தா. அவளுக்கு ஆசையும் ஒண்ணுதான், பயமும் ஒண்ணுதான். கொறை எங்கிட்டதான் விண்ணு, உன்னைய இத்தன வருசம் ஊரு வாயில போட்டுட்டேன், இனி எல்லாருக்கும் முன்னால நானே சொல்லுதேன்னு அந்த விதைக்குள்ள இருக்கணும்னு ஆசை. அது இல்லாம வேற என்னமும் இருந்துட்டா, அதுக்குப் பொறவு அந்த மனுசனுக்கு எப்பிடிச் சோறு போடுறதுன்னு பயம். நடாம வச்சிருக்கவரைக்கும் அதுக்குள்ள நல்ல வார்த்தை இருக்குன்னு நினைச்சுக்கிடலாம்லா.

அந்த மாசியில உபதேசியார் தங்கச்சி செசிலிக்கு மூணாவது பிள்ளை பெறந்து ஞானஸ்நானம் வச்சாவ. கூட்டமெல்லாம் சர்ச்சு வாசல்ல நிக்கி. பிள்ளை அழுதுச்சுன்னு விண்ணரசி கைய நீட்டுனா. செசிலி பிள்ளைய இந்தத் தோள்லருந்து அந்தத் தோளுக்கு மாத்திக்கிட்டு, சிரிச்ச முகமாவே, "நீங்க எடுக்க வேண்டாம் மைனி, பிள்ளைக்குச் சேராது"ன்னு சொன்னா. விண்ணரசி நீட்டுன கைய மடக்காம அப்பிடியே திரும்பி புருசனப் பாத்தா. அவரு கையில மெழுகுவத்தி எரிஞ்சுகிட்டு இருந்துச்சு. பேச வேண்டாம், தங்கச்சியப் பாத்து ஒரு தலையசைப்பு போதும், ஒரு எட்டு முன்னால வச்சாப் போதும். அவரு மெழுகுவத்தியப் பாத்துகிட்டு நின்னாரு.

பங்குனிப் பொங்கலுக்கு எங்க அம்மன் கோயில் தெருவுல காப்புக் கட்டியாச்சு. மறுநாளு காலையில அவ மில்லுக்கு வந்தா. "மைனி, உங்க முளைப்பாரி வீட்டுல எனக்கு ஒரு ஓரம் குடுப்பியளா?"

நாங்க என்ன நினைப்போம்? பிள்ளை வரம் கேட்டுப் பாரி எடுக்க வந்திருக்கான்னுதான் நினைச்சோம். ரெண்டொருத்தி சர்ச்சுக்காரின்னு மொனங்குனாவ. "மழையும் பிள்ளையும் குடுக்கிறவ தெருப் பாத்தா குடுக்கா?"ன்னு நான் ஒரு சத்தம் போட்டேன், அடங்கிட்டாவ. ஒரு சட்டியில கரம்பை மண்ணு, காஞ்ச சாணிப்பொடி, மேல வைக்கோல், ஒம்பது வகைத் தானியம் போட்டோம். அவ நடுவுல பெருவிரலால குழி பண்ணி ஒரு விதைய அமுக்குனா. நாங்க அத விசேசமா எடுத்துக்கல. அவ நினைப்பு வேற. வீட்டுல நட்டா கோழி கிண்டும், நாத்தனா எட்டிப்பாப்பா, காய் வெடிச்சா தெருவே கேக்கும். முளைப்பாரி வீடுன்னா இருட்டு, பூட்டு, ஆம்பளை வாடை கெடையாது, அங்க முளைச்சு வரட்டும், குளத்துல கரைக்கிற அன்னைக்கு அந்த ஒரு நாத்த மட்டும் பிடுங்கிட்டுப்போயி யாருமில்லாத எடத்துல நட்டு, தனியா உக்காந்து கேட்டுக்கிடுவோம்னு நினைச்சிருக்கா. நாத்தாங்கால்னு நினைச்சுட்டா பாவம்.

இருட்டுக்குள்ள எல்லாச் சட்டியிலயும் வெளுப்பா முளை வந்துச்சு, அவ சட்டியில மட்டும் நடுவுல ஒண்ணு மத்ததையெல்லாம் தாண்டி ஒரு சாண் நின்னுச்சு. அம்மன் கண்ணத் தொறந்துட்டான்னு நாங்க குலவை போட்டோம். கரைக்கிற அன்னைக்குச் சாயங்காலம் பாரிய வெளிய எடுக்கப் போனா, இவ ஒரு சிரட்டையக் கொண்டாந்து சட்டியக் கிண்டப்போறா. கோமு அக்காதான் எங்கள்ல மூத்தவ, கையப் பிடிச்சுட்டா.

"ஏட்டி, என்ன பண்ணுத?"

"இது ஒண்ணு மட்டும் எனக்கு வேணும் அக்கா. நாத்துப் பாவினா பிடுங்கி நடத்தான?"

"இது நாத்தாங்கால் இல்லட்டி. பாரியில வச்சது அம்மனுக்கு. ஒரு முளையக்கூடப் பிடுங்கப்படாது."

அப்பத்தான் அது யார் விதைன்னு சொன்னா. பஸ்ஸுல விழுந்தது, மொதப் பேச்சுன்னு மட்டும் சொன்னா, அதுக்கு முன்னால லேபுல நடந்தது அப்பவும் சொல்லல. பாரியில இப்பிடி ஒரு முளையக் கலக்கலாமான்னு எங்களுக்கும் தெரியல, கலந்தத எடுக்கலாமான்னும் தெரியல, அந்த மாதிரி எங்க ஊருல அதுக்கு முன்னால ஒண்ணு நடந்ததில்லையே. அந்த வருசம் மழை பொய்ச்சுப்போயி குளத்துல முட்டளவு தண்ணிதான் கெடந்துச்சு, எல்லாவளும் மழைக்காகத்தான் விரதம் இருந்தோம். கோமு அக்கா சிரட்டைய மெல்ல வாங்கிக் கீழ வச்சுட்டு, அவ கன்னத்தத் தடவி, "பிடுங்கிட்டுப் போயிருவ. மழை வரலேன்னா? விண்ணரசி பிடுங்குனா, அதான் மழை இல்லன்னு இந்த ஊரு சொல்லும். ஏற்கனவே உன்னையச் சொல்லுறது பத்தாதா மகளே"ன்னா. அதுக்குத்தான் விண்ணரசி பணிஞ்சா. அம்மனுக்குப் பயந்து இல்ல.

தலையில வச்சு அவளே சுமந்தா. கும்மி அடிக்கையில எல்லாரு பாரியும் ஆடுச்சு, அவ ஆடாம நின்னா. குளத்துல இறங்கி முங்குற நேரம் நான் பக்கத்துல நின்னேன், சட்டியக் கவுத்தா, நாலு குமிழி வந்துச்சு. நாங்க கரையேறிட்டோம், அவ ஈரச் சேலையோட அங்கயே நின்னா, நாந்தான் திரும்பப் போயி, "வாட்டி, சளி பிடிச்சுக்கிடும்"னு இழுத்துட்டு வந்தேன். என் தோள்ல சாஞ்சு, "மைனி, அது உள்ளயே பேசுமா?"ன்னு கேட்டா. எனக்கு என்ன தெரியும்?

சித்திரையும் போச்சு, மழை இல்ல. வைகாசியில குளம் சுத்தமா வத்தி, தரை பாளம்பாளமா வெடிச்சுப்போச்சு. ஊரே குளத்துக்குள்ள ஊத்துத் தோண்டித்தான் தண்ணி எடுத்துச்சு. விடியக்காலம் போனா சிரட்டை சிரட்டையாக் கோரி ஒரு குடம் நெறைய உச்சி வெயிலாயிரும், அதனால ரெண்டு தெருப் பொம்பளைகளும் ஆம்பளைகளும் காலம்புற அங்கதான் கெடப்போம். மடைக்காரர் கொம்பையாதான் மொதல்ல பாத்தாரு. "ஏ, உபதேசியார் செடி ஒண்ணு குளத்துக்குள்ள நிக்குவே"ன்னு அவரு சத்தம் போட, விண்ணரசி குடத்த அப்பிடியே போட்டுட்டு ஓடினா. வெடிப்புக்கு நடுவுல, நீல இலையோட, ஒத்தச் செடி.

அவ கருவேல முள்ள வெட்டிச் சுத்தி அடைச்சா. தான் கோரின குடத்துல பாதிய அதுக்கு ஊத்துனா. செடிய யாரும் ஒண்ணும் பண்ணல, அம்மனே திருப்பிக் குடுத்ததுன்னு எங்க தெருவு சொல்லிட்டு. உபதேசியார் என்ன சொல்லியிருப்பாருன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாவ. பிள்ளை வரும்னு டாக்டர் சொன்னதத்தான் சொல்லியிருப்பாருன்னு கோமு அக்கா சொன்னா, கொம்பையா வெக்கப்பட்டுகிட்டே புருசன் பொண்டாட்டி விசயம்னாரு. மூணே மூணு காய்தான் பிடிச்சுச்சு. உபதேசியாருக்குச் சோறு எறங்கல, ஆளு கரைஞ்சுட்டாரு. ஒருநாளு வெயில் தாழ அவரு முள்ள விலக்கிச் செடித் தண்டுல கைய வச்சுக்கிட்டு நிக்கிறத நான் கரையிலருந்து பாத்தேன். அவரும் என்னையப் பாத்தாரு. கைய எடுத்துட்டு மெல்ல நடந்து போயிட்டாரு.

ஆனி மாசம். ஊத்துல கூட்டம் நெருங்கி நிக்கி, ரெண்டு தெருவும் இருக்கு, செசிலியும் இடுப்புல பிள்ளையோட வந்திருந்தா. வெயில் ஏறி மண்ணு சுட ஆரம்பிச்சப்ப கீழ்க்காய் பட்டுன்னுச்சு. "விண்ணு"ன்னுச்சு. அவ்வளவுதான். ஒரு வருசமாச் செபமாவும் ஓலையாவும் மட்டுமே கேட்ட குரலு, இப்ப பேரு சொல்லிக் கூப்பிடுது, அவ "ம்"னு சொல்லிட்டா, நாங்க கேட்டோம். எல்லாரும் குடத்தக் கீழ வச்சுட்டோம். நடுக்காய் வெடிச்சுச்சு. "கொறை உங்கிட்ட இல்ல, எங்கிட்டதான்."

ஊத்துல தண்ணி ஊறுற சத்தம் கேட்டுச்சு. கோமு அக்கா முந்தானைய வாயில வச்சுக்கிட்டா. செசிலி தலையக் குனிஞ்சா. விண்ணரசி முகத்த நான் பாத்தேன், யம்மா, பத்து வருசத்துல அப்பிடி ஒரு முகத்த நான் பாத்ததில்ல, கல்யாணத்தன்னைக்கு மாதிரி இருந்தா. இந்த மனுசன் சொல்லிட்டானே, மொத மூச்சுலயே சொல்லிட்டானே, நடாம வச்சிருந்தது என் தப்புத்தானேன்னு அவ நினைச்சது எனக்கே தெரிஞ்சுச்சு.

அந்நேரந்தான் உபதேசியார் கூட்டத்தத் தள்ளிக்கிட்டு ஓடிவந்தாரு. முள்ளு காலக் கிழிச்சுது, பாக்கல. மேல இருந்த மூணாங்காயப் பிய்ச்சு உள்ளங்கையில வச்சு இறுக்கி மூடி நெஞ்சோட அமுக்கிக்கிட்டாரு. மூடின கைக்குள்ள அது வெடிச்சுச்சு. விரலு இடுக்கு வழியா அவரு குரலே வந்துச்சு, கெஞ்சுற குரலு.

"இத யார்ட்டயும் சொல்லிராத."

அம்புட்டுப் பேரும் கேட்டோம். சொல்லிராதன்னு சொன்னத ஊரு முழுக்கக் கேட்டோம்.

அவரு கைய விரிக்கவே இல்ல. செடிக்கு முன்னால முட்டங்கால் போட்டிருந்த விண்ணரசி எந்திரிக்கல. அவரப் பாக்கவும் இல்ல. வெடிச்சுக் காஞ்சு தொங்குற நடுக்காயப் பாத்து, ஒரு பிள்ளை வாத்தியாருக்குப் பதில் சொல்லுமே அப்பிடி, மெதுவா, "நான் யார்ட்டயும் சொல்லலியே"ன்னா. பொறவு திரும்பவும் சொன்னா. "நான் சொல்லலியே. ஒருத்தர்ட்டயும் சொல்லலியே."

எனக்கு அழுகை தாங்கல. இத்தன நாளும் எங்க வாசல்ல உக்காந்து மாவு வாங்கிட்டுப் போயிருக்கா, சர்ச்சு வாசல்ல செசிலி முன்னால கைய நீட்டிட்டு நின்னிருக்கா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தீந்துபோயிருக்கும். அவரு சொன்னது காதுல விழாமலே அத அவ காப்பாத்தியிருக்கா.

உபதேசியார் அவளுக்கு முன்னால வந்து நின்னு வாயத் தொறந்தாரு. உதடு ரொம்ப நேரம் அசைஞ்சுச்சு, கண்ணுல தண்ணி வடிஞ்சு உதட்டுல எறங்குச்சு. ஒரு விதை விழுந்துச்சு. அதுக்கு முன்னால விழுந்ததெல்லாத்தையும்விடப் பெருசு. அது உருண்டு வெடிப்போரத்துல ஒரு நிமிசம் நின்னுச்சு, எடுக்கணும்னா எடுத்திருக்கலாம், அவ கைக்கு எட்டுற தூரந்தான். அவ பாத்துகிட்டே இருந்தா. அது வெடிப்புக்குள்ள விழுந்துருச்சு. அவ எந்திரிச்சு, மண்ணத் தட்டிக்கிட்டு, பாதி நெறைஞ்ச குடத்த இடுப்புல வச்சு வீட்டுக்குப் போனா. எங்கள்ல ஒருத்தரும் குனியல.

அந்த ஐப்பசியில மழை பிடிச்சுது பாருங்க, குளம் ஒரே ராத்திரியில நெறைஞ்சு மறுகால் பாஞ்சுச்சு. அதுக்குப் பொறவு ஒரு வருசங்கூட தட்டான்குளம் வத்தல. நாங்க இப்ப ரெண்டு பூ நெல்லு போடுதோம். உபதேசியாருக்கு அந்த விதையோட சரி, அதுக்குமேல வாயிலருந்து விதையும் விழல, பேச்சும் வரல. வேலைய விட்டுட்டாரு. காலையில கஞ்சி குடிச்சுட்டு குளத்தங்கரையில வந்து உக்காந்து தண்ணியவே பாத்துகிட்டு இருப்பாரு, கொம்பையா மடையத் தொறந்தா மட்டும் ஆசையா எந்திரிச்சு நிப்பாரு. விண்ணரசி அவருக்குச் சோறு போடுதா, வேட்டி துவைச்சுப் போடுதா, ஒரு கொறையும் வைக்கல. சிலேட்டத் தூக்கி எரவாணத்துல சொருகிட்டா, அவரு கேட்டும் குடுக்கல. செசிலி அடுத்த வாரமே பிள்ளையத் தூக்கிட்டு வந்து அவ மடியில கெடத்தினா. அவ தட்டல, கொஞ்சினா, பால் வாசனை அடிக்குன்னு சொல்லிச் சிரிச்சா, கொஞ்ச நேரத்துல திருப்பிக் குடுத்துட்டா. இப்ப ஊருல அந்தப் பேரச் சொல்லி யாரும் அவளக் கூப்பிடுறதில்ல. வேற பேரு வச்சும் கூப்பிடுறதில்ல.

நான் ஒருதடவ மனசு கேக்காம அவகிட்டக் கேட்டேன். லத்தீன் சாமியார் கதையெல்லாம் அன்னைக்குத்தான் அவ எனக்குச் சொன்னது. "மண்ணுல போட்டாத்தான் அந்தப் பேரு செல்லும்னாராமே விண்ணு, போடாம தானா விழுந்துட்டதுக்கு அந்த ஊருக்காரன் என்ன பேரு வச்சானாம்?"னு கேட்டேன். தெரியலைன்னா. "கடைசியா அவரு என்னதான் சொல்லியிருப்பாருன்னு உனக்கு ஒரு இது இல்லையா? மன்னிப்புத்தான் கேட்டிருப்பாரு மக்கா. வார கோடையில கொம்பையாட்டச் சொல்லித் தண்ணிய வடிச்சுட்டுத் தேடிப் பாப்பமா?"

அவ மாவுச் சட்டிய இடுப்புல ஏத்தி, விளிம்புல சிந்துனத வழிச்சு உள்ள போட்டா. பொறவு குளத்தங்கரைப் பக்கம் ஒரு பார்வை பாத்தா, அவரு அங்க உக்காந்துதான் இருந்தாரு.

"முளைச்சாக் கேட்டுக்கிடுதேன் மைனி"ன்னு சொல்லிட்டு நடந்தா.